தைவான் கல்வி அமைச்சின் செங்யூ அகராதி: சிங்கப்பூரில் எவ்வளவு தூரம் நம்பலாம்?

சீனமொழியின் நான்கெழுத்து மரபுத்தொடருக்குச் செங்யூ என்று பெயர். அதன் பொருள் மட்டும் போதுமென்றால் கைப்பேசியில் இருக்கும் எந்த அகராதிச் செயலியும் உதவும். அது எந்த நூலில், யார் வாயில், எந்தச் சூழலில் பிறந்தது, பிறந்தபோது இருந்த பொருள் இன்றும் நிற்கிறதா என்று பார்க்கவேண்டுமானால் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றுள் தைவான் கல்வி அமைச்சின் செங்யூ அகராதிதான் முதலில் திறக்க வேண்டியது. ஆனால் அங்கே கண்டதை அப்படியே எடுத்து நம்மூர்ப் பள்ளிக் கட்டுரையில் எழுதினால் மதிப்பெண் போகும். எழுத்து வேறு, சில சொற்களின் உச்சரிப்புத் தொனி வேறு, ஒன்றிரண்டு இடங்களில் தொடரின் வடிவமே வேறு. இந்த வேறுபாடுகளை அறிந்தவர் கையில் இது அருமையான கருவி.

யாருக்கு உதவும் என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். தளம் முழுக்கச் சீனமொழியில், அதுவும் மரபுவழி எழுத்தில் (எளிமையாக்கப்படாத பழைய வடிவில்) இருக்கிறது. ஆங்கில விளக்கம் கிடையாது. தொடக்கப்பள்ளியில் உரையாடல் சீனம் படித்த பிள்ளைக்கு இது எட்டாது. உயர்நிலைப் பள்ளியில் மூன்றாம் மொழியாகச் சீனம் எடுத்து, லியென்ஹே ஸாவ்பாவ் சீன நாளிதழின் தலைப்புகளைத் தட்டுத்தடுமாறியாவது படிக்கும் நிலைக்கு வந்த தமிழ் மாணவருக்கும், மொழிபெயர்ப்பாளருக்கும், சீன நண்பர்கள் பேச்சுவாக்கில் உதிர்க்கும் தொடரின் ஊற்று எங்கே என்று தேடும் பெரியவருக்கும் இது பொருந்தும். கட்டணம் இல்லை, பதிவு செய்யவும் வேண்டாம். 2020 பதிப்பில் அடிப்படை, மேம்பட்டது என இரண்டு பிரிவுகள் உண்டு. தோற்றத்தைத் தேடுபவர் நேரே மேம்பட்டதற்குப் போய்விடலாம்.

ஒரு பதிவை நெருங்கிப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். 'ஹுவா ஷெ தியென் ஸூ' என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். பாம்பை வரைந்து கால் சேர்ப்பது என்பது நேர்ப்பொருள். தேவையில்லாததைச் செய்து இருப்பதையும் கெடுப்பது என்பது வழக்குப்பொருள். சிறுவர் கதைப்புத்தகங்களில் வருவது இவ்வளவுதான்: சிலர் போட்டி போட்டுப் பாம்பு வரைகிறார்கள், முதலில் முடித்தவன் கால் வரையப்போய் மதுவை இழக்கிறான். அகராதியின் பதிவில் உச்சரிப்பும் பொருளும் முதலில் வரும். அடுத்து 'மூலம்' என்ற பகுதியில் பழைய நூலின் வாசகம் அப்படியே, அருஞ்சொற்களுக்கு எண்ணிட்ட குறிப்புகளோடு வரும். அதற்கடுத்த 'மூலக்கதை விளக்கம்' அதே வாசகத்தை இக்கால மொழியில் விரித்துச் சொல்லும். பிறகு பயன்பாடு, எடுத்துக்காட்டு வாக்கியங்கள், பிற்கால எழுத்தாளர்கள் ஆண்ட இடங்கள், ஒத்த தொடர்களோடு ஒப்பீடு.

மூலப்பகுதியைப் படித்தால் கதைப்புத்தகம் விட்டுவிட்டது எது என்று தெரிகிறது. இது போரிடும் நாடுகள் காலத்துச் செய்திகளைத் தொகுத்த 'ஜான்குவோ ஸ' என்ற நூலில், சீ நாட்டுப் பகுதியில் வருகிறது. சூ நாட்டுத் தளபதி ஜாவ் யாங், வெய் நாட்டைத் தாக்கிப் படையை முறியடித்து எட்டு நகரங்களைப் பிடித்துவிட்டு, அந்த வேகத்திலேயே சீ நாட்டின் பக்கம் திரும்புகிறான். சீ மன்னனுக்காகத் தூது போன சென் ஜென் என்பவர் தளபதியை வாழ்த்திவிட்டு ஒரு கேள்வி கேட்கிறார்: இத்தனை பெரிய வெற்றிக்கு உங்கள் நாட்டில் என்ன பதவி தருவார்கள்? அதற்கும் மேலே என்ன இருக்கிறது? மேலே இருப்பது தலைமை அமைச்சர் பதவி ஒன்றுதான். அதற்கு இரண்டு பேரை வைக்க மாட்டார்கள். அப்போதுதான் பாம்புக்கதை வருகிறது. வழிபாடு முடிந்து ஏவலர்களுக்கு ஒரு கோப்பை மது கிடைக்கிறது. பலர் குடித்தால் போதாது, ஒருவன் குடித்தால் மிச்சம் வரும். தரையில் பாம்பு வரைவோம், முதலில் முடிப்பவன் குடிக்கட்டும் என்கிறார்கள். முதலில் முடித்தவன் இடக்கையில் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் வரைந்தபடியே, "இதற்குக் காலும் வைக்க என்னால் முடியும்" என்கிறான். கால் முடிவதற்குள் இன்னொருவன் தன் பாம்பை முடித்துக் கோப்பையைப் பிடுங்குகிறான்: பாம்புக்கு ஏது கால்? கதையைக் கேட்ட ஜாவ் யாங் படையை விலக்கிக்கொண்டு திரும்பிவிடுகிறான்.

ஆக, முதலில் இது ஓவியத்தைப் பற்றியதோ மிகையான வேலையைப் பற்றியதோ அல்ல. வென்றவன் எங்கே நிறுத்த வேண்டும் என்பதைப் பற்றிய அரசியல் பேச்சு. இன்னொரு வெற்றியால் கிடைக்கப்போவது எதுவுமில்லை, தோற்றால் பதவியும் உயிரும் போகும் என்பதே தூதர் வைத்த வாதம். 'வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை' என்று தமிழில் சொல்லிவிடத் தோன்றும். ஆனால் தாழி தானாக உடைகிறது, இங்கே உடைப்பவன் திறமைசாலி. இந்த நுணுக்கம் மூலத்தைப் பார்க்காமல் பிடிபடாது.

இன்னொன்றையும் இந்தப் பதிவிலேயே காணலாம். பழைய நூலில் அந்த நான்கு எழுத்துகளும் இந்த வரிசையில் இல்லை. கதை முன்னால், நான்கெழுத்துக் கட்டு பின்னால் வந்தது. 'சாய் வெங் ஷி மா'வும் அப்படித்தான். எல்லைப்புறக் கிழவரின் குதிரை ஓடிப்போகிறது. சில மாதம் கழித்து நல்ல குதிரைகளோடு திரும்புகிறது. அவற்றில் ஏறிய மகன் விழுந்து தொடையை முறித்துக்கொள்கிறான். ஓராண்டு கழித்துப் போர் வந்து அந்த வட்டாரத்து இளைஞர் பத்தில் ஒன்பது பேர் மாள, நொண்டியான மகன் பிழைக்கிறான். கி.மு. 2ஆம் நூற்றாண்டின் 'ஹுவாய்நான்ஸி' நூலில் கதை முழுதாக இருக்கிறது, தொடர் இல்லை. பிற்கால மேற்கோள்களைக் கொடுக்கும் பகுதி இதற்காகவே பயன்படுகிறது: கதை எப்போது தொடராக இறுகியது என்பதை அங்கே தேடலாம்.

அகராதியின் மிகப் பெரிய பலம், பிறந்த பொருளையும் புழங்கும் பொருளையும் பிரித்து வைப்பது. 'ஜாவ் சான் மூ ஸ' என்பதைப் பாருங்கள். காலையில் மூன்று, மாலையில் நான்கு. 'ஜுவாங்ஸி' நூலில் குரங்கு வளர்ப்பவர் ஒருவர் காலையில் மூன்று கொட்டை, மாலையில் நான்கு என்கிறார், குரங்குகள் கொதிக்கின்றன. சரி, காலையில் நான்கு, மாலையில் மூன்று என்கிறார், மகிழ்கின்றன. மொத்தம் ஏழுதான், பேரைத்தான் மாற்றினார். சாரம் மாறாமல் சொல்லை மாற்றி ஏமாற்றுவது என்பது பழைய பொருள். இன்றோ, நேற்று ஒன்று இன்று ஒன்று என்று மனம் மாறுபவரை, வேலையிலோ காதலிலோ நிலைகொள்ளாதவரைச் சொல்ல இது பயன்படுகிறது. கதையைப் படித்துவிட்டு, அந்தப் பொருளிலேயே கட்டுரையில் எழுதும் மாணவர் இங்கேதான் சறுக்குவார். கதை தெரிந்ததே வினையாகிவிடும்.

'சா சியாங் ரென் யி' இதைவிட வழுக்கலானது. முதல் எழுத்தை 'மோசம்' என்று எடுத்துக்கொண்டு, திருப்தியில்லை என்ற பொருளில் எழுதுபவர்கள் சீனர்களிலேயே ஏராளம். அந்த எழுத்துக்கு இங்கே 'ஓரளவு' என்று பொருள். பின்னாளைய ஹான் வரலாற்றில், தோல்விக்குப் பிறகு மற்ற தளபதிகள் சோர்ந்திருக்க, வூ ஹான் மட்டும் ஆயுதங்களைச் செப்பனிட்டுக்கொண்டிருப்பதைக் கேட்டுப் பேரரசர் குவாங்வூ பெருமூச்சோடு பாராட்டிய சொல் அது. இன்றைய சரியான பொருள்: பரவாயில்லை, ஏற்றுக்கொள்ளலாம். மூலத்தில் யார், யாரை, எந்த மனநிலையில் சொன்னார் என்பது தெரிந்துவிட்டால் பொருளைத் தலைகீழாக்க வாய்ப்பே இல்லை.

பாராட்டா வசையா என்ற கோடு செங்யூவில் அவ்வளவு கறாரானது. தைவானிலேயே இதற்கு ஊரறிந்த எடுத்துக்காட்டு உண்டு. 2006இல் அதிபர் சென் ஷுய்பியான், தன்னார்வலர்கள் செய்த நற்பணிகளைப் புகழ 'சிங் ஜூ நான் ஷூ' என்ற தொடரை எடுத்துவிட்டார். மூங்கிலை எல்லாம் தீர்த்தாலும் எழுதி முடியாது என்பது நேர்ப்பொருள். மூங்கில் சிலாம்புகளில் எழுதிய காலத்துப் படிமம். எழுதி முடியாத அளவு நன்மை என்று கேட்பவருக்குத் தோன்றலாம். ஆனால் சுய் அரசின் முடிவில் கிளர்ச்சித் தலைவர் லி மியின் பெயரில் வெளியான கண்டன அறிக்கை, பேரரசர் யாங்கின் குற்றங்களை அடுக்கிவிட்டு, தென்மலை மூங்கில் தீர்ந்தாலும் அவர் பாவத்தை எழுதித் தீராது என்றது. அதிலிருந்து இது குற்றப்பட்டியலுக்கே உரிய தொடராகிவிட்டது. அப்போதைய கல்வி அமைச்சர் டூ செங்ஷெங் அதிபருக்கு வக்காலத்து வாங்கினார். கேலி இரட்டிப்பானதுதான் மிச்சம். அடுத்த ஆண்டு இதே அகராதியின் பின்னிணைப்பில் 'மூன்று பன்றிக்குட்டிகள்' என்ற சிறுவர் கதைத் தலைப்பு இடம்பெற்றிருந்ததைப் பிடித்துக்கொண்டு இன்னொரு சண்டை. எது செங்யூ, எது வெறும் நான்கெழுத்துச் சொல் என்ற எல்லைக்கோட்டை அகராதியே எங்கே போடுகிறது என்று கவனிக்க இது நல்ல நினைவூட்டல். சீனப் புத்தாண்டில் லோ ஹேய் தட்டைக் கிளறும்போது கத்தும் வாழ்த்துகளும் நான்கெழுத்தில்தான் இருக்கும். அவற்றுள் பல மங்கலச் சொற்கள்தாம். பழங்கதை எதுவும் பின்னால் இருக்காது. அவற்றை இங்கே தேடி ஏமாற வேண்டாம்.

இனிக் குறைகள். குறை என்பதைவிட, சிங்கப்பூரில் உட்கார்ந்து பயன்படுத்துவதால் வரும் உரசல்கள் என்பது சரி.

முதலாவது எழுத்து. சிங்கப்பூர் 1969இல் எளிய எழுத்துகளைப் புகுத்தத் தொடங்கி 1976இல் சீனாவின் பட்டியலோடு முழுக்க ஒத்துப்போனது. அகராதியோ மரபுவழி எழுத்தில் இயங்குகிறது. தேடுவதற்கு முன் தொடரை மரபெழுத்துக்கு மாற்றிக்கொள்வது நல்லது. மாற்றித் தரும் கருவிகள் பெரும்பாலும் சரியாகவே செய்யும். ஓர் எளிய எழுத்துக்குப் பின்னால் இரண்டு மரபெழுத்துகள் இருக்கும் இடத்தில்தான் தொல்லை. 'சியென் ஜூன் யி ஃபா'வின் கடைசி எழுத்து இதற்குப் பேர்போனது. ஆயிரம் ஜூன் எடை ஒரே மயிரிழையில் தொங்குவது என்பது தொடரின் படம். ஒரு ஜூன் 30 ஜின். ஜின் என்பது நம் ஈரச்சந்தையில் கேட்கும் 'கட்டி' என்ற எடையளவேதான், காலத்துக்குக் காலம் அதன் எடை மாறியிருக்கிறது. ஆக 30,000 கட்டி, ஒரு மயிர். டாங் காலத்து ஹான் யூ எழுதிய கடிதமொன்றில், பௌத்தத்தின் முன் கன்பூசிய நெறி இருந்த ஆபத்தைச் சொல்ல இந்தப் படம் வருகிறது. மரபெழுத்தில் தலைமுடிக்கு ஓர் எழுத்து, வெளிப்படுவதற்கு வேறோர் எழுத்து. எளிய எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. இயந்திர மாற்றம் தவறான எழுத்தைத் தந்தால் தேடல் வெறுங்கையோடு திரும்பும். விளைவு வரவில்லை என்றால் தொடர் இல்லை என்று முடிவு கட்டாமல் முதலில் இதைச் சரிபாருங்கள். 'பின்', 'அரசி' ஆகிய இரண்டுக்கும் எளிய எழுத்தில் ஒரே வடிவம், 'உலர்ந்த', 'செய்' ஆகியவற்றுக்கும் அப்படியே.

இன்னொரு வகையில் பார்த்தால் இந்தத் தொல்லையே ஒரு லாபம். எளிய எழுத்தில் மறைந்துபோன மயிர், மரபெழுத்தில் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. தோற்றத்தைத் தேடுபவருக்கு மரபெழுத்து அகராதி கூடுதலாகத் தருவது இதுதான்.

இரண்டாவது உச்சரிப்பு. அகராதி தைவானில் புழங்கும் போபோமோஃபோ ஒலிக்குறியீட்டையும், ரோமன் எழுத்தில் எழுதும் ஹன்யூ பின்யினையும் சேர்த்தே தருவதால் படிப்பதில் சிரமமில்லை. ஆனால் பின்யினில் இருப்பது தைவான் உச்சரிப்பு. 'ஆபத்து' என்ற பொருள்தரும் 'வெய்' அங்கே இரண்டாம் தொனி, நமக்கு முதல் தொனி. எனவே அமைதிக்காலத்தில் ஆபத்தை எண்ணு என்ற 'ஜூ ஆன் ஸ வெய்' கடைசியில் மாறும். 'சிறிய' என்ற 'வெய்'யும் அதே கதி. 'ஓய்வு' என்ற 'ஷி' அங்கே இரண்டு, இங்கே ஒன்று. ஓயாமல் தன்னை வலுப்படுத்து என்ற 'ஸ சியாங் பூ ஷி' இதில் மாட்டும். 'அடி' என்ற 'ஜி'யும் இதே ரகம். மேலே சொன்ன மயிருக்கு அங்கே மூன்றாம் தொனி, இங்கே நான்காம் தொனி. உச்சக்கட்டம் டிராகன் பிரியர் கதை. சுவரிலும் தூணிலும் டிராகன் செதுக்கிவைத்து, உண்மை டிராகன் சன்னலில் தலையை நீட்டியதும் விழுந்தடித்து ஓடிய பிரபுவின் பெயரைத் தைவானில் பழைய முறைப்படி 'ஷெ குங்' என்பார்கள். சீனாவிலும் இங்கேயும் 'யெ குங்'. வாய்மொழித் தேர்வில் 'ஷெ' என்றால், கேட்பவர் தவறாகப் படித்ததாகவே எடுத்துக்கொள்வார்.

மூன்றாவது வடிவம். 'மெய் குவாங் யூ ஷியா' என்றால் நாளுக்கு நாள் மோசமாவது. இது பிறந்த விதம் விசித்திரமானது. மெய்ந்நெறி எங்கே இருக்கிறது என்று கேட்டவருக்கு, எறும்பில், களையில், ஓட்டுச்சில்லில், கடைசியில் மலத்திலும் சிறுநீரிலும் என்று தத்துவஞானி ஜுவாங்ஸி இறங்கிக்கொண்டே போகிறார். கேட்டவர் வாயடைத்து நிற்க, பன்றிச்சந்தையைக் காட்டுகிறார். பன்றி கொழுத்ததா என்று பார்க்கக் காலால் அழுத்துவார்கள்; கீழே போகப்போக உண்மை தெளிவாகும், ஏனென்றால் கீழ்க்காலில் கொழுப்பு சீக்கிரம் ஏறாது, அங்கேயே கொழுப்பு இருந்தால் உடல் முழுக்க இருக்கும். அங்கே எழுத்து வரிசை 'மெய் ஷியா யூ குவாங்'. சோங் காலத்தில் வரிசை புரண்டு, பொருளும் 'கீழே போகப்போகத் தெளிவு' என்பதிலிருந்து 'மேன்மேலும் கீழே' என்று சாய்ந்தது. தைவானில் பழைய வரிசையையே 'மோசமாவது' என்ற பொருளிலும் எழுதுவார்கள். நம்மூரில் கட்டுரை எழுதுபவர் புரண்ட வரிசையையே எழுத வேண்டும். கதையை மட்டும் அகராதியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

உலாவியின் தானியங்கி மொழிபெயர்ப்பைப் போட்டுப் படிக்கலாமே என்று தோன்றும். 'மூலக்கதை விளக்கம்' பகுதிக்கு அது ஓரளவு பலன் தரும், ஏனென்றால் அது இக்கால மொழி. 'மூலம்' பகுதி செவ்வியல் சீனம்; ஓரெழுத்து ஒருசொல்லாக நிற்கும், எழுவாய் விடுபடும், நடுவே குறிப்பு எண்களும் குறுக்கிடும். இயந்திரம் அங்கே உளறும். வசதியான வரிசை இது: முதலில் விளக்கத்தைப் படித்துக் கதைப்போக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள், பிறகு மூலத்துக்கு ஏறி எண்ணிட்ட குறிப்புகளைப் பாருங்கள், கடைசியில் பயன்பாட்டுப் பகுதிக்கு வந்து எடுத்துக்காட்டு வாக்கியங்களில் தொடர் பயனிலையாக நிற்கிறதா, பெயருக்கு அடையாக நிற்கிறதா என்று கவனியுங்கள். பொருள் சரியாக இருந்தும் வாக்கியத்தில் இடம் தப்பி வைப்பது பலரிடம் காணும் பிழை.

இதோடு சேர்த்து வைத்துக்கொள்ள இரண்டு. கைப்பேசிக்கு ப்ளெக்கோ என்ற அகராதிச் செயலி: எளிய, மரபு இரண்டு எழுத்தும் தெரியும், ஆங்கிலத்தில் நேர்ப்பொருளும் வழக்குப்பொருளும் ஒரு வரியில் வரும். அந்த ஒரு வரியில் கதை இருக்காது. அச்சில் வேண்டுமென்றால் சீனாவின் வணிகப் பதிப்பகம் வெளியிடும் சின்ஹுவா செங்யூ அகராதி. எளிய எழுத்து, நம் பள்ளிகளுக்கு ஒத்த தொனி, மூலநூலின் பெயரும் ஒரு மேற்கோள் வரியும் உண்டு. விரிவான கதை இல்லை. தைவான் அகராதியில் கதையைப் படித்து, இதில் எழுத்தையும் தொனியையும் உறுதிசெய்துகொள்வது தேர்வுக்குப் படிப்பவருக்கு ஏற்ற ஜோடி.

பிள்ளைகளுக்கான படக்கதைப் புத்தகங்கள் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் கடைகளில் அடுக்கடுக்காகக் கிடைக்கும். எதிரே விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கும் நூலகத்தில் முதலில் இரவல் எடுத்துப் பார்ப்பதும் புத்திசாலித்தனம். தரம் ஒன்றுபோல் இருக்காது. கையில் எடுத்த புத்தகத்தில் 'ஷோ ஜூ தாய் து'வைத் திருப்புங்கள். மரக்கட்டையில் மோதிக் கழுத்து முறிந்த முயலைப் பார்த்து, கலப்பையைப் போட்டுவிட்டு அடுத்த முயலுக்குக் காத்திருந்த சோங் நாட்டு உழவன் கதை அது. 'சோம்பேறிக்குப் பாடம்' என்று மட்டும் முடித்திருந்தால் அந்தப் புத்தகத்தைத் திரும்ப வைத்துவிடலாம். பண்டைய சிந்தனையாளர் ஹான் ஃபெய், 'ஐந்து புழுக்கள்' என்ற அத்தியாயத்தில் இதைச் சொன்னது, பழைய மன்னர்களின் ஆட்சிமுறையை வைத்துக்கொண்டு இன்றைய மக்களை ஆளப் பார்ப்பவர்களை இடிக்க. நம் இலவு காத்த கிளி காயின் தோற்றத்தைப் பார்த்து ஏமாந்தது. உழவன் ஏமாந்தது ஒருமுறை உண்மையாகவே கிடைத்துவிட்ட பலனால். நூலின் பெயரையும், யாரை நோக்கிச் சொன்னது என்பதையும் ஒரே ஒரு வரியிலாவது குறிப்பிடும் புத்தகம் என்றால் தாராளமாக வாங்கலாம்.